கேள்விக்கும் பாடு போட்ட வகுப்பு

போன மாதம் ஒரு மத்தியானம் சாப்பிட்ட தட்டைக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. நான் கடைசியாக வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வந்திருக்கும் டீச்சர். சின்னப் பெண். குரலிலேயே பதற்றம் தெரியும்.

"டீச்சர், டிரெய்னிங்ல விசாரணை முறைக் கற்றல்னு ஒண்ணு சொல்றாங்க. எல்கேஜி பிள்ளைங்கள இன்னா டீச்சர் விசாரிக்கிறது? போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இருக்குது" என்றாள்.

சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள், பதிலை அவர்களே தேடிக் கண்டுபிடிப்பார்கள், நாம் கூடவே போக வேண்டும், அவ்வளவுதான் விஷயம் என்றேன். "நீங்க அதைப் பண்ணியிருக்கீங்களா டீச்சர்?" என்று கேட்டாள். பண்ணியிருக்கிறேன். அதைப் பண்ணும்போதுதான் ஒரு பிள்ளையைப் பள்ளிக்கூடத்தை விட்டே அனுப்பிவிடப் பார்த்தேன். அதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வீடு மீஞ்சூரில். பள்ளிக்கூடம் பழவேற்காடு ஏரிக்குள், பசியாவரத்தையும் தாண்டி ஒரு சின்ன ஊரில். காலையில் பஸ் பிடித்துப் பழவேற்காட்டில் இறங்கி, அங்கிருந்து படகு. மாலை நாலு மணிப் படகை விட்டால் அன்றைக்கு வீடு திரும்ப முடியாது. ஊர்ப் பேரைச் சொல்லவில்லை. அந்த ஊர்க்காரர்கள் படித்தால் அவர்களுக்கே தெரிந்துவிடும், மற்றவர்களுக்கு அது தேவையும் இல்லை.

ஆசிரியர் பயிற்சி இரண்டு வருடம் படித்தேன். கலர் சார்ட்டில் எழுத்து வெட்டி ஒட்டவும், வாயில் விரல் வைத்தால் ஐம்பது பிள்ளைகளும் அடங்க வேண்டும் என்பதையும் அங்கே கற்றுக்கொண்டேன். அதை வைத்தே இருபத்தெட்டு வருடம் ஓட்டினேன். நான் சொல்வேன், பிள்ளைகள் திருப்பிச் சொல்வார்கள். யாரும் என்னைக் குறை சொன்னதில்லை. அப்புறம் ஒருநாள் ஆர்டர் வந்தது, என்னை எல்கேஜி, யூகேஜி வகுப்புக்கு மாற்றியிருக்கிறார்கள் என்று. படகில் அழுதுகொண்டே வந்தேன். இத்தனை வருட சர்வீஸ் போட்டவளை மூக்குத் துடைக்க அனுப்பிவிட்டார்களே என்று ஆத்திரம்.

அது இருமொழி வகுப்பு என்று ஆர்டரில் இருந்தது. பேப்பரில் அந்த இரண்டு மொழி தமிழும் இங்கிலீஷும். வகுப்பில் தமிழும் தெலுங்கும். ஆந்திரா எல்லை ஏரிக்குள்ளேயே ஓடுகிறது. பாதி வீட்டில் அம்மா தமிழில் திட்டுவாள், அப்பா தெலுங்கில் கொஞ்சுவார். அப்பாவை எல்லாப் பிள்ளைகளும் நைனா என்றுதான் கூப்பிடும். இங்கிலீஷ் எங்கள் வகுப்புக்கு விருந்தாளி மாதிரி, வரும், கொஞ்ச நேரம் உட்காரும், போய்விடும். சுவரில் இறால் படம் ஒட்டி, பக்கத்தில் இறால், ரொய்ய, பிரான் என்று மூன்றும் எழுதி வைத்தேன். நண்டுக்கும் அப்படியே. யார் எந்தச் சொல்லில் பேசினாலும் சரி என்று விட்டேன். எனக்குத் தெலுங்கு அரைகுறை. பிள்ளைகள் என்னைத் திருத்துவார்கள். அதில் அவர்களுக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

பிள்ளைகளைக் கேள்வி கேட்க விடுங்கள் என்று மேலே இருந்து சொன்னார்கள். விட்டேன். ஒரே வாரத்தில் வகுப்பு மீன் ஏலம் மாதிரி ஆகிவிட்டது. பதினேழு பேரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அதிலும் பிரியா என்று ஒருத்தி. ஊர்த் தலைவரின் பேத்தி. யூகேஜி. வாய்க்கு லீவே கிடையாது. மற்றவர்கள் கேள்வியையும் அவளே கேட்டு, பதிலையும் அவளே சொல்லிவிடுவாள்.

ஒருநாள் பொறுக்க முடியாமல், "உங்க ஊட்டுல யார் எங்க வலை போடணும்னு எப்படி முடிவு பண்றாங்க? இப்படித்தான் அடிச்சிக்கிறாங்களா?" என்று கேட்டேன். ஏரிப் பக்கத்து ஆள் இல்லை நான். வாய்க்கு வந்ததைக் கேட்டேன்.

பிரியா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பாடு போடுவாங்க டீச்சர். இதுகூடத் தெரியாதா?"

ஏரியில் இறால் வலை கட்டுகிற இடங்கள் எண்ணிக்கையில் கொஞ்சம்தான். அதனால் ஊரில் பங்கு உள்ள குடும்பங்கள் கூடிச் சீட்டுப் போட்டு, முறை வைத்துக்கொள்வார்கள். அந்த முறைக்குப் பேர்தான் பாடு. ஒருவர் பாடு வரும் நாளில் இன்னொருவர் அங்கே இறங்க மாட்டார். எவ்வளவு பெரிய சண்டைக்காரனும் அதற்குக் கட்டுப்படுவான். அடடா, இதை விட்டுவிட்டு நான் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருக்கிறேனே என்று நினைத்தேன்.

மறுநாளே வகுப்பில் பாடு ஆரம்பித்தோம். ஆளுக்கு ஒரு கிளிஞ்சல். அதன் உள்பக்கம் என் நெயில் பாலிஷை வைத்து அவரவர் அடையாளம் போட்டுக்கொண்டார்கள். மீன், படகு, பூ, ஒருவன் வெறும் கோடு. எல்லாக் கிளிஞ்சலும் ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில். தினமும் பத்து மணிக்கு டப்பாவைக் குலுக்குவேன். நேற்றுப் பாடு வந்த பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்கும். அது யாருடையதோ அவர்தான் அன்றைக்குக் கேள்வி கேட்கலாம். எடுத்த கிளிஞ்சல் ஜன்னல் கட்டைக்குப் போய்விடும். டப்பா காலியானால் ஒரு சுற்று முடிந்தது. அவரவர் கிளிஞ்சலை எடுத்து அவரவர் கையாலேயே டப்பாவில் போட வேண்டும், அடுத்த சுற்று தொடங்கும். பதில் தெரிந்த கேள்வியைக் கேட்கக் கூடாது. பதிலை நான் சொல்லக் கூடாது. யாருக்குத் தெரியும், எங்கே போய்ப் பார்க்கலாம் என்று பிள்ளைகளே சொல்ல வேண்டும், உடனே கிளம்ப வேண்டும்.

முதல் பாடு வந்த பையன் தெலுங்கில் கேட்டான். "பீத நித்ரபோதுந்தா?" நண்டு தூங்குமா என்று. எனக்குப் பதில் தெரியாது. இருபத்தெட்டு வருட டீச்சர், நண்டு தூங்குமா என்று தெரியவில்லை! ஒரு நண்டைப் பிடித்து வந்து வாளியில் விட்டு, முறை வைத்து அதன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் அது வாளியை விட்டு வெளியேறிச் சத்துணவுக் கூடத்துக்குள் போய்விட்டது. சமையல் அக்கா பெஞ்சு மேல் ஏறி நின்று போட்ட சத்தத்தில் படகுத்துறையில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். நண்டு தூங்குமோ தூங்காதோ, அன்றைக்கு யாரும் தூங்கவில்லை. ஆனால் பிள்ளைகள் அந்த இரண்டு நாளில் பேசிய பேச்சை நான் இருபத்தெட்டு வருடத்தில் கேட்டதில்லை. மூக்குத் துடைக்க வந்தவள், அந்த வேலையை விட்டுப் போக மாட்டேன் என்று சொல்லும் அளவுக்கு மாறிப்போனேன்.

ரேவதி மேடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு மேலே இருந்த அலுவலர். என்னைவிடப் பதினோரு வயது சின்னவர். மற்ற அதிகாரிகள் வருவதென்றால் படகுக்காரருக்கு முந்தின நாளே போன் வரும். இந்த அம்மா ஊர்ச் சனத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு படகில் வந்து இறங்கும். காபி வேண்டாம், தண்ணீர் பாட்டில் கையோடு. வகுப்பில் பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் முட்டி நெஞ்சில் இடிக்க உட்கார்ந்துகொள்ளும். பேசாது. ஒரு பென்சில் வைத்திருக்கும். நாம் எழுதிக் கொடுத்த எந்த அறிக்கையானாலும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் ஓர் எழுத்துப் போடும். நாம் கண்ணால் பார்த்து எழுதிய வரி என்றால் பா. யாரோ சொல்லிக் கேட்டு எழுதியது என்றால் கே. நாமாக நினைத்து எழுதியது என்றால் நி. அவ்வளவுதான். திட்டாது, பாராட்டாது. பேப்பரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படகேறிவிடும்.

எனக்கு அது பற்றிக்கொண்டு வரும். "பிள்ளைகள் ஆர்வமாகக் கற்கிறார்கள்" என்று நான் எழுதினால், பக்கத்தில் நி. என் வகுப்பில் ஆர்வம் இருப்பது எனக்குத் தெரியாதா, இந்த அம்மா பென்சிலுக்குத்தான் தெரியுமா என்று சமையல் அக்காவிடம் புலம்பியிருக்கிறேன்.

ஆயுத பூஜை லீவு முடிந்து லாவண்யா வந்தாள். பதினெட்டாவது பிள்ளை. ஐந்து வயது, யூகேஜி. அம்மா தேவி இந்த ஊரில் பிறந்தவள். அப்பா ஏரியின் ஆந்திரப் பக்கத்துக்காரர். அவர்கள் அங்கேதான் குடியிருந்தார்கள். தேவியின் அம்மா படுத்த படுக்கையாகி, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் குடும்பத்தோடு இங்கே வந்துவிட்டார்கள். நான் லாவண்யாவுக்கும் ஒரு கிளிஞ்சல் கொடுத்தேன். அவள் ஒரு படகு வரைந்தாள், துடுப்போடு. "டப்பாவுல போட்டுடு கண்ணு" என்று சொல்லிவிட்டு வேறு பிள்ளையின் சண்டையை விலக்கப் போனேன்.

அக்டோபர் போனது, நவம்பர் போனது. லாவண்யா வாய் திறக்கவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவாள். படத்துண்டுகளைச் சரியாகச் சேர்ப்பாள். நண்டு என்று சொன்னால் நண்டு படத்தைத் தொடுவாள், பீத என்றாலும் அதையே தொடுவாள். ஆனால் ஒரு சொல் கிடையாது. மற்றவர்கள் கேள்வி தேடிப் போகும்போது வரிசையில் கடைசியாக வருவாள். எல்லாரும் பேசும்போது சுவரோரம் கை கட்டி உட்கார்ந்திருப்பாள். நான் குனிந்து தமிழில் கேட்டேன், தெலுங்கில் கேட்டேன், பொம்மையை வைத்துக்கொண்டு கேட்டேன். பார்ப்பாள், அவ்வளவுதான்.

தேவியைக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஊட்டுல வாயே மூட மாட்டா டீச்சர். அவ நைனாகிட்ட தெலுங்குல பேசிகினே கெடப்பா. எங்கிட்ட தமிழ்ல வாயாடுவா. சாயங்காலம் வந்து பாருங்களேன்" என்றாள். எனக்கு நாலு மணிப் படகு. போகவில்லை. எந்த அம்மாதான் தன் பிள்ளைக்குக் குறை என்று ஒப்புக்கொள்வாள் என்று என் மனதுக்குள் முடிவு கட்டிக்கொண்டேன். அதை இப்போது நினைத்தாலும் எனக்கு என் மேல் கோபம் வருகிறது.

பொங்கல் முடிந்ததும் ஃபாரத்தை எடுத்தேன். குறைபாடு இருக்கலாம் என்று தோன்றும் பிள்ளைகளைப் பரிசோதனை முகாமுக்கு அனுப்பும் ஃபாரம். முகாமில் ஆமாம் என்று எழுதிவிட்டால் லாவண்யா வாரத்தில் மூன்று நாள் டவுனில் உள்ள பயிற்சி மையத்துக்குப் போக வேண்டும். மிச்ச நாளுக்குத்தான் எங்கள் பள்ளிக்கூடம். ஒன்றாம் வகுப்புக்கு அனுப்புவதா என்பதையும் அவர்கள்தான் சொல்வார்கள். நான் எழுதினேன்: பேச்சுத் திறன் இல்லை. கேள்வி கேட்கும் நாட்டம் இல்லை. வகுப்பில் ஒன்றுவதில்லை. புரிதல் குறைவாக இருக்கலாம்.

கையெழுத்துக்குத் தேவி வந்தாள். ஃபாரத்தைப் படித்துக் காட்டினேன். அவள் பேனாவைத் தொடவில்லை. "படகு, பஸ்ஸுன்னு வாரத்துல மூணு நாளு யார் டீச்சர் இட்டுகினு போறது? அவுரு கூலிக்கு அடுத்தவங்க படகுல போறாரு. எங்கம்மாவ உட்டுட்டு நான் எப்படி வருவேன்?" என்றாள். அப்புறம் குரல் உடைந்துவிட்டது. "இந்த ஊர்ல ஏற்கனவே எங்களுக்கு ஒண்ணும் இல்ல. புள்ளைக்கு ஊமைன்னு பேரும் வந்தா நான் பள்ளிக்கூடத்தையே நிறுத்திடுவேன்."

ஏற்கனவே எங்களுக்கு ஒண்ணும் இல்லை என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது. அது என்னவென்று கேட்கத் தோன்றவில்லை. சமாதானம் சொல்லிக் கையெழுத்து வாங்கி ஃபாரத்தை அனுப்பிவிட்டேன்.

நாலாம் நாள் திரும்பி வந்தது. நான் எழுதிய நாலு வரிக்குப் பக்கத்திலும் பென்சிலில் நி, நி, நி, நி. கீழே, "பார்த்துவிட்டு எழுதவும். முகாம் வெள்ளிக்கிழமை" என்று ஒரு வரி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சரி, பார்க்கச் சொல்கிறாய் அல்லவா, நாள் முழுக்கப் பார்த்து எழுதித் தருகிறேன், அப்புறம் என்ன எழுத்துப் போடுகிறாய் என்று பார்க்கலாம் என்று வீம்பாகக் கிளம்பினேன்.

அது செவ்வாய்க்கிழமை. பாடம் எதுவும் நடத்தவில்லை. மூலையில் நோட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்து லாவண்யாவை மட்டும் பார்த்தேன். முந்தின நாளோடு ஒரு சுற்று முடிந்திருந்தது. பிள்ளைகள் ஜன்னலுக்கு ஓடி அவரவர் கிளிஞ்சலை எடுத்து டப்பாவில் போட்டார்கள். ஜன்னல் கட்டை காலி. லாவண்யா மட்டும் எழுந்திருக்கவில்லை. அவள் கை யூனிஃபார்ம் பாக்கெட்டுக்குள் இருந்தது. உள்ளே எதையோ இறுக்கிப் பிடித்திருந்தாள்.

டப்பாவைக் கவிழ்த்து எண்ணினேன். பதினேழு. மூன்று மாதமாக நான் ஒரு தடவைகூட எண்ணவில்லை. ஜன்னல் காலியானால் எல்லாரும் போட்டுவிட்டார்கள் என்று டப்பாவை மூடியவள் நான்.

"லாவண்யா கிளிஞ்சல் ஏன் இதுல இல்ல?" என்று பொதுவாகக் கேட்டேன்.

பிரியாதான் பதில் சொன்னாள். வெயில் சுடும் என்று சொல்வது போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். "அவங்களுக்குப் பாடு இல்ல டீச்சர்."

"யாருக்கு?"

"லாவண்யா ஊட்டுக்கு. அவ நைனா வெளியூரு. எங்க தாத்தா எழுதுற லிஸ்ட்ல பேர் கெடையாது. பாடு போட்ட அன்னிக்கு அவரு ஓரமா குந்திகினு இருந்தாரு, பேசல. லாவண்யாவும் கூட இருந்தா. பாடு இல்லாதவங்க கூட்டத்துல பேசக் கூடாதுன்னு அவ நைனா அவகிட்ட சொன்னாரு. நான் கேட்டேன்."

"அதனால கிளாஸ்ல பேச மாட்டாளா?"

"கிளாஸ்லதான் பேச மாட்டா. வேப்பமரத்தாண்ட பேசுவாளே. நேத்துகூட கதை சொன்னா. தெலுங்குக் கதை."

இடைவேளையில் வேப்பமரத்தடியில் பிள்ளைகள் விளையாடும்போது நான் உள்ளே போனில் வருகைப் பதிவை ஏற்றிக்கொண்டிருப்பேன். சிக்னலுக்காக ஜன்னலோரம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். பதினேழு பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்கிறது. எவருக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகவே படவில்லை. ஊரில் அப்படி, அதனால் வகுப்பிலும் அப்படி. ஊரிலிருந்து பாடு முறையை எடுத்து வந்தவள் நான். அதோடு வேறு என்னென்ன ஏறி வரும் என்று ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. நாட்டமில்லை, புரிதல் குறைவு என்று எழுதினேனே, அந்தப் பிள்ளை அல்லவா எங்கள் எல்லாரையும்விட நன்றாகப் புரிந்துகொண்டு, சொன்ன சொல் தவறாமல் மூன்று மாதம் வாயைக் கட்டியிருக்கிறது! எனக்கு அழுகை வந்தது. அதைவிடப் பெரிதாக, அப்பாடா என்று ஒரு மூச்சும் வந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. கோளாறு என்னுடையது.

லாவண்யா முன்னால் தரையில் உட்கார்ந்தேன். "இது ஏரிப் பாடு இல்ல கண்ணு. இது நம்ம கிளாஸ் பாடு. இங்க வந்து குந்துற எல்லாருக்கும் உண்டு. போடுறியா?" என்றேன். தெலுங்கிலும் தட்டுத் தடுமாறிச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. திரும்பிப் பிரியாவைப் பார்த்தாள். தலைவர் வீட்டுப் பிள்ளை அல்லவா, உத்தரவு அங்கிருந்துதானே வர வேண்டும்! டீச்சர் பேச்சுக்கு அவ்வளவுதான் மரியாதை. பிரியா கொஞ்சம் யோசித்தாள்.

"போடு" என்றாள் பிரியா. அதோடு நிறுத்தவில்லை. "டீச்சர், அவளுக்கு மூணு சுத்து உட்டுப் போச்சு. உடம்பு சரியில்லாம யாருக்காவது பாடு உட்டுப்போனா அடுத்த தபா அவங்களுக்குத்தான் மொதல்ல. தாத்தா அப்படித்தான் செய்வாரு. நாளைக்கு லாவண்யா."

பாக்கெட்டுக்குள்ளிருந்து கிளிஞ்சல் வந்தது. துடுப்போடு படகு. நெயில் பாலிஷ் பாதி உரிந்திருந்தது. டப்பாவில் போட்டுவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். அப்போதும் பேசவில்லை.

அன்றைக்குப் படகுத்துறையில் நின்றே ரேவதி மேடத்துக்குப் போன் செய்தேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். லாவண்யாவை முகாமுக்கு அனுப்ப வேண்டாம், தப்பு என்னுடையது என்றேன். "அவ கிளாஸ்ல பேசினதை நீங்க பாத்தீங்களா டீச்சர்?" என்றார். இல்லை என்றேன். "நாளைக்கு நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார். நாளைக்கும் அந்தப் பிள்ளை வாய் திறக்காவிட்டால், வெள்ளிக்கிழமை முகாம்தான்.

புதன்கிழமை பத்து மணி. மேடம் குட்டி நாற்காலியில் பென்சிலோடு. என்னிடமிருந்து வாங்கி மடித்த ஃபாரம் மடியில். டப்பாவைக் குலுக்கவே இல்லை. பிரியாவே படகுக் கிளிஞ்சலைத் தேடி எடுத்து லாவண்யா கையில் கொடுத்தாள். வகுப்பு அடங்கியது. லாவண்யா எழுந்து நின்றாள். கிளிஞ்சலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு சொல், எந்த மொழியிலாவது ஒரே ஒரு சொல் சொல்லிவிடு தாயே என்று உள்ளே கதறிக்கொண்டிருந்தேன்.

"மா நைனாகி பாடு எந்துக்கு லேது?" என்றாள். மெல்லிய குரல், ஆனால் நடுக்கமில்லை. எனக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, தமிழிலும் சொன்னாள். "எங்க நைனாவுக்கு ஏன் பாடு இல்ல?"

சந்தோஷத்தில் எழுந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். நண்டு தூங்குமா மாதிரி கேள்வியா இது? ஊர்ப் பெரியவர்கள் கூடி எடுத்த முடிவு. அவர்கள் தயவில் நடக்கிற பள்ளிக்கூடம். ஆனால் என்ன செய்ய? நான் வைத்த முறைதானே? "யாருக்குத் தெரியும்?" என்று வழக்கம் போலக் கேட்டேன். பிரியா, "எங்க தாத்தாவுக்கு" என்றாள். மேடத்தைப் பார்த்தேன். "இது உங்க கிளாஸ், டீச்சர்" என்றார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

தலைவர் படகுத்துறைக் கொட்டகையில் கிழிந்த வலையைத் தைத்துக்கொண்டிருந்தார். பதினெட்டுப் பிள்ளைகள், நான், பின்னால் அதிகாரி. "இன்னா டீச்சர், பள்ளிக்கூடமே கெளம்பி வந்துகீது?" என்று சிரித்தார். பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்க வந்திருக்கிறார்கள் என்று சொல்லி, கேள்வியையும் நானே சொன்னேன்.

சிரிப்பு போய்விட்டது. ஊசியைக் கீழே வைத்தார். என்னைத்தான் பார்த்தார். "இத யாரு கேக்கச் சொன்னது?"

பிரியாகூடத் தலையைக் குனிந்துகொண்டாள். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் வரிசையின் கடைசியில் இருந்து லாவண்யா முன்னால் வந்தாள்.

"யாரும் சொல்லல. நான்தான் கேட்டேன்" என்றாள். "இன்னிக்கு என் பாடு."

தலைவர் அவளையே பார்த்தார். பாடு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அந்த ஊரில் எவரும் குறுக்கே நிற்க முடியாது, அவரும் சேர்த்து. பக்கத்தில் இருந்த பலகையைத் தட்டி, "குந்து, சொல்றேன்" என்றார்.

இருக்கிற இடம் கொஞ்சம், வெளியிலிருந்து வந்தவருக்கெல்லாம் பங்கு வைத்தால் இங்கே பிறந்தவன் எங்கே போவான் என்று அவருடைய நியாயத்தைச் சொன்னார். லாவண்யா விடவில்லை. "எங்கம்மா இங்கதானே பொறந்தாங்க?" என்றாள். ஆமாம் என்றார். "அப்ப எங்கம்மாவுக்கு?" என்றாள். பொம்பளைகளுக்கு ஏது பாடு, குடும்பத்தை ஆம்பளைப் பேரில்தான் தலைக்கட்டாக எழுதுவோம் என்றார். "அப்ப எனக்கும் இல்லியா தாத்தா?" என்று பிரியா அலறினாள். தலைவர் தலையைச் சொறிந்தார். லாவண்யா அடுத்த கேள்விக்கு வாயைத் திறந்தாள். தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் முடித்து, மறுபடி தமிழுக்கு வந்து, மேலும் ஐந்தாறு கேள்வி.

அந்தப் பேச்சினால் அவள் அப்பாவுக்குப் பாடு கிடைத்துவிடவில்லை. அதை நான் அழகுபடுத்திச் சொல்ல மாட்டேன். இன்றைக்கும் அவர் அடுத்தவர் படகில்தான் போகிறார் என்று கேள்வி. லாவண்யா அந்த வருடம் எல்லாரோடும் ஒன்றாம் வகுப்புக்குப் போனாள்.

அன்றைக்குக் கொட்டகையில், கடைசியில் தலைவர் இரண்டு கையையும் மேலே தூக்கினார். "போதும்மா, உட்டுடு" என்றார் லாவண்யாவிடம். அப்புறம் என் பக்கம் திரும்பினார். ஊருக்குத் தெரியாதது எது இருக்கிறது? "இதையா டீச்சர் பேச்சு வரலன்னு எழுதிக் குடுத்தீங்க?"

எனக்கு ஒரே நேரத்தில் சிரிப்பும் அழுகையும் வந்தன. "ஆமாங்க, நான்தான் எழுதினேன்" என்றேன். பின்னால் ரேவதி மேடம் அந்த ஃபாரத்தை நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டிருந்தார்.